பாவாடை கட்டிய குழந்தை யார்? ஒரு பழைய குடும்ப ஓவியத்தைப் பார்ப்பது பற்றி

பாலக்காட்டுப் பக்கம் தத்தமங்கலத்தில் இருக்கும் பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போது மாடி அறையிலிருந்து இறக்கிய ஓவியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றடி உயரம் இருக்கும், எண்ணெய் வண்ணம், இரண்டு குழந்தைகள். ஏழெட்டு வயதுப் பையன் வெல்வெட் கோட்டும் சரிகைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் புத்தகத்தோடு வெறுங்காலில் நிற்கிறான். பக்கத்தில் செதுக்கு வேலை செய்த நாற்காலியில் இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று. பாவாடை சட்டை, பூ வைத்துப் பின்னிய சடை, கழுத்தில் புலிநகம், கன்னத்தில் ஒரு கரும்பொட்டு, கையில் தலை சாய்ந்த ரோஜா. நிற்பவர் உங்கள் கொள்ளுத்தாத்தா, உட்கார்ந்திருப்பது காய்ச்சலில் போய்விட்ட அவருடைய தங்கை, அவள் இறந்த பிறகு வரையச் சொன்ன படம் என்பதால்தான் பூ வாடியிருக்கிறது என்று பெரியத்தை சொல்கிறார். மாமா ஒருவர் இது ரவி வர்மா வரைந்தது என்கிறார். இதில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

வாடிய பூவுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு கதைக்கு இந்தப் படம் சாட்சி சொல்லுமா என்பதை. ஓரளவு சொல்லும். ஆனால் அந்தச் சாட்சியைப் பூவிடம் கேட்டுப் பயனில்லை. உடை, நகை, முகத்தில் விழும் வெளிச்சம், துணியின் பின்பக்கம், சட்டத்தில் ஒட்டியிருக்கும் புகை ஆகியவற்றிடம் கேட்க வேண்டும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சின்னக் குழந்தை பெண்தானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு பக்கத்து வீடுகளில் இருக்கும் பழைய உருவப்படங்களைச் செப்பனிடுவது என் தொழில். பல வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் போட்டிருக்கும் செல்போன் படங்களை மட்டும் வைத்து எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். வார்னிஷ் எந்த அளவுக்கு மஞ்சளித்திருக்கிறது, எந்த இடத்தில் பின்னால் வந்த கை மேல்பூச்சு பூசியிருக்கிறது என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

பாவாடையில் தொடங்குவோம். நம் பக்கத்தில் பிரார்த்தனை முடி வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். பழனிக்கோ திருப்பதிக்கோ குலதெய்வத்துக்கோ நேர்ந்துகொண்டால், முடியிறக்கும் வரை ஆண் குழந்தைக்கும் கத்திரி படாது. மூன்று வயதுக்குள் முடி தோளுக்குக் கீழே இறங்கிவிடும். மொட்டை அடிப்பதற்கு முன்னால் அந்தப் பையனுக்குப் பாவாடை கட்டி, சடை பின்னிப் பூ தைத்து, பொட்டு வைத்து அழகு பார்த்து ஒரு படம் எடுத்துவைப்பது இன்றைக்கும் பல வீடுகளில் நடக்கிறது. ஃபோட்டோ ஸ்டுடியோ வந்த காலத்திலிருந்து அப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. ஆகவே சடையையும் பாவாடையையும் வைத்து மட்டும் பெண் என்று முடிவுகட்ட முடியாது. காதில் இருப்பதும் உதவாது, ஏனென்றால் இரு பாலுக்கும் காது குத்துவார்கள். கொலுசும் தண்டையும் அப்படித்தான். பெண் குழந்தைக்கு இடுப்பில் கட்டும் அரைமூடி தெரிந்திருந்தால் பெண் குழந்தை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லியிருப்பேன். பாவாடை மறைத்துவிட்டதால் அதற்கு வழியில்லை.

புலிநகம் கொஞ்சம் மறுபக்கமாகச் சாய்கிறது. குழந்தைக்குக் காவலாகக் கழுத்தில் ஒன்றைக் கட்டுவது நம்மிடம் மிகப் பழைய வழக்கம். திருமாலின் சங்கு, சக்கரம், வில், வாள், தண்டு ஐந்தையும் சின்னஞ்சிறு பொன் உருவங்களாகக் கோத்த ஐம்படைத்தாலி அந்த வகை. இளம் வயதில் போருக்குப் போன பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும் சங்கப் பாட்டில், அவன் கழுத்துத் தாலியைக்கூட இன்னும் கழற்றவில்லையே என்று புலவர் வியக்கிறார். பொன் கட்டிய புலிநகமும் இந்தக் காவல் நகைகளின் வரிசையில் வருவதுதான். நான் பார்த்த படங்களில் ஆண் குழந்தைகளின் கழுத்தில்தான் அதை அதிகம் பார்த்திருக்கிறேன். பெண் குழந்தைக்குப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதை ஒரு சாய்வாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண் குழந்தைக்குப் பெண் உடை என்பது நம் ஊர் விஷயம் மட்டும் கிடையாது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும், சின்னப் பையன்களுக்குப் பாவாடை போன்ற நீள அங்கிதான் போட்டார்கள். கால்சட்டை நாலு வயதுக்கு மேல், சில வீடுகளில் ஏழு வயதுக்குக்கூட வந்தது. ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1659-இல் இளவரசன் ஃபெலிப்பே ப்ரோஸ்பெரோவை வரைந்தார். இப்போது வியன்னாவில் இருக்கும் ஓவியம் அது. இரண்டு வயதுக் குழந்தை, சிவப்பு அங்கி, அதன்மேல் வெள்ளை மேலாடை. அந்த வெள்ளைத் துணியின் குறுக்கே மணியும் தாயத்துகளும் தொங்குகின்றன. எல்லாம் கண்ணேறும் நோயும் அண்டாமல் இருக்கக் கட்டியவை. விவரம் தெரியாதவர்கள் அதைப் பெண் குழந்தை என்றே நினைப்பார்கள். ஸ்பெயினின் அரியணைக்கு வாரிசாக இருந்த பையன் அவன்.

அந்த ஓவியத்தை உங்களுக்குச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபெலிப்பே 1661-இல், நாலு வயது நிரம்பும் முன்பே இறந்துபோனான். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் வெளிறிய முகத்தையும் பின்னால் இருக்கும் இருட்டையும் பார்த்து, சாவு அப்போதே தெரிகிறது என்கிறார்கள். ஆனால் வரையும்போது குழந்தை உயிரோடு இருந்தான். நோஞ்சான் குழந்தை என்பது உண்மை, அதனால்தான் அத்தனை தாயத்து. ஓவியர் வரைந்தது பெற்றோரின் பயத்தை. சாவை நாம் பின்னால் இருந்து கொண்டுபோய் அதில் வைக்கிறோம். குழந்தைகளின் பழைய படங்களைப் பார்க்கும்போது இது அடிக்கடி நடக்கும். அந்தக் காலத்தில் பிள்ளைச் சாவு இல்லாத வீடே அபூர்வம். அதனால் எந்தப் படத்தை எடுத்தாலும் அதற்குப் பொருந்தும் ஒரு சோகம் குடும்பத்தில் இருக்கத்தான் செய்யும். உங்கள் பெரியத்தை பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்தது நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்கலாம். அந்தக் குழந்தைதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அப்படியானால் படத்தில் சாவைக் குறித்துக் காட்டும் வழக்கமே இல்லையா? உண்டு. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1742-இல் வரைந்த கிரஹாம் வீட்டுக் குழந்தைகளின் படம் இருக்கிறது. நான்கு குழந்தைகள். மேலே ஒரு கடிகாரம், அதன் உச்சியில் அரிவாளோடு ஒரு குட்டி தேவன். நாற்காலியின் முதுகில் தொற்றிக்கொண்டு ஒரு பூனை கூண்டுப் பறவையைக் குறிவைத்துப் பார்க்கிறது. கீழே பாவாடை அங்கியில் இருக்கும் கைக்குழந்தை தாமஸ், அவனும் பையன்தான். ஓவியம் முடிவதற்குள் அவன் இறந்துவிட்டான். இங்கே கடிகாரத்தையும் பூனையையும் காலத்தின், சாவின் குறிகளாகப் படிப்பது நியாயம். ஏனென்றால் குழந்தை இறந்ததற்குத் தனியாகப் பதிவு இருக்கிறது. அப்புறம், லண்டன் பார்வையாளர்களுக்கு அந்தக் குறிகள் பழக்கமானவை. பதிவு முதலில், குறி பிறகு. உங்கள் படத்துக்கு இப்போதைக்குப் பதிவு எதுவும் கையில் இல்லை. வாடிய பூவைச் சாவுக்கு அடையாளமாக வைப்பது ஐரோப்பிய வழக்கம். இங்கே ஒரு ஓவியர் அச்சுப்படங்களைப் பார்த்து அதைக் கற்றிருக்கக்கூடும். ஆனால் நம் வீடுகளில் இறந்தவரைக் குறிப்பதற்கு யாரும் பூவை வாட விடுவதில்லை, புது மாலையாகப் போடுகிறோம்.

அந்த ரோஜா வாடியதாகத் தெரிவதற்கு வேறு இரண்டு சாதாரணக் காரணங்கள் இருக்கலாம். ஒன்று, குழந்தையின் கைக்கு ஏதாவது கொடுத்தால்தான் கை சும்மா இருக்கும். பூ, பந்து, பொம்மை, கிலுகிலுப்பை என்று எதையாவது பிடித்திருப்பது அந்தக் காலப் படங்களில் வழக்கமே. சின்னக் கை காம்பின் அடியைப் பிடித்தால் தலை சாயத்தான் செய்யும். இரண்டாவது காரணம் வண்ணத்தைப் பற்றியது, இதை நீங்களே சோதிக்கலாம். ரோஜாவின் சிவப்புக்கு அந்தக் கால ஓவியர்கள் பூச்சியிலிருந்தும் வேரிலிருந்தும் எடுத்த சாயச் சிவப்புகளைப் பயன்படுத்தினார்கள். அவற்றில் பல வெளிச்சத்தில் நிறம் விட்டுப்போகும். இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் என்ற ஓவியர் வரைந்த முகங்களின் சிவப்பு அவர் காலத்திலேயே வெளுத்துவிட்டதாகப் புகார் இருந்தது. இதழின் உள்சிவப்பு வெளுத்து, கீழ்ப்பூச்சின் பழுப்பு மட்டும் மிஞ்சினால் பூ கருகியதுபோலத் தெரியும். உங்கள் படத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் திரை இருக்கிறது. ஓவியத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது, சட்டத்தின் விளிம்பு மூடியிருந்த அந்த விரலளவு இடத்தைப் பாருங்கள். அங்கே திரை ஆழ்ந்த சிவப்பாகவும் வெளியே மங்கிய பழுப்பாகவும் இருந்தால் இந்தப் படத்தின் சிவப்புகள் வெளுத்திருக்கின்றன என்று பொருள். அப்படியானால் பூ வாடியது ஓவியரின் கையால் நடந்ததா வெயிலால் நடந்ததா என்று சொல்ல முடியாது. அதோடு அந்தச் சாட்சி விலகிவிடும்.

பூவைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வெளிச்சம். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிற்கும் பையனின் மூக்கு நிழல் நம் வலப்பக்கம் விழுகிறது. உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மூக்கு நிழலும் தாடை நிழலும் இடப்பக்கம் விழுகின்றன. ஒரே அறையில் ஒரே ஜன்னலுக்கு முன் இரண்டு பேரையும் வைத்து வரைந்திருந்தால் இப்படி வராது. தலைகள் இரண்டும் தனித்தனி ஃபோட்டோவிலிருந்து வந்திருக்கின்றன என்று தைரியமாகச் சொல்வேன். அந்தக் காலத்தில் குழந்தைகளை நாள்கணக்கில் உட்காரவைத்து வரைந்தவர்கள் குறைவு. ஸ்டுடியோ ஃபோட்டோவைக் கொடுத்துவிடுவார்கள். ஓவியர் முகத்தை அதிலிருந்து எடுத்து, உடம்பு, நாற்காலி, திரை, தூண், மலை எல்லாவற்றையும் தன் வழக்கப்படி சேர்த்துவிடுவார். ஆகவே அந்த வெல்வெட் கோட்டு உங்கள் வீட்டுப் பெட்டியில் நிஜமாகவே இருந்த கோட்டுதானா என்பதுகூடச் சந்தேகம்தான். புத்தகமும் அப்படியே. பையன் படிக்கிறான், படிக்கப்போகிறான் என்று பெரியவர்கள் சொல்ல விரும்பியதை அது சொல்கிறது. அவன் அன்றைக்கு எழுத்துக் கூட்டினானா என்பதை அது சொல்லாது.

இரண்டு ஃபோட்டோ என்பது பெரியத்தையின் கதைக்குச் சாதகமான விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை முன்பே இறந்திருந்தால் அதன் பழைய ஃபோட்டோவை எடுத்து, வளர்ந்துவிட்ட அண்ணனோடு ஒரே படத்தில் சேர்த்துவைப்பது நடக்கக்கூடியது. ஆனால் இரண்டு பேரும் நலமாக இருந்து, சின்னது அசையாமல் உட்காராததால் தனியாக எடுத்தார்கள் என்பதும் அதே அளவுக்கு நடக்கக்கூடியது. ஒருவர் வளர்ந்து வெளியூர் போன பிறகு இருவரின் குழந்தைப் பருவப் படங்களையும் சேர்த்து வரையச் சொல்லியிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று வண்ணத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்தக் கடைசி வாய்ப்பை நான் சும்மா சொல்லவில்லை. கேள்வியின் கடைசியில், கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததாகவும், ரங்கூனுக்குப் போனவர் திரும்பவே இல்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கொள்ளுத்தாத்தாவின் ஜாதகப்படி அவர் பிறந்தது 1899 என்றும் சொல்கிறீர்கள். இந்த இரண்டையும் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிற்பது அந்த ரங்கூன் அண்ணன், நாற்காலியில் பாவாடை கட்டி உட்கார்ந்திருப்பது முடியிறக்குவதற்கு முந்தைய உங்கள் கொள்ளுத்தாத்தா என்று படித்தால் எந்த இடத்திலும் இடிக்கவில்லை. புலிநகம் பொருந்துகிறது, நேர்த்தி முடி பொருந்துகிறது, வயது வித்தியாசம் பொருந்துகிறது. அண்ணன் திரும்பாமல் போன பிறகு அவருடைய முகம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். படத்தில் நிற்கும் பெரிய பையன், வீட்டில் இருந்து குடும்பம் நடத்திய கொள்ளுத்தாத்தாவாக மாறியிருப்பார். அப்போது உட்கார்ந்திருக்கும் பாவாடைக் குழந்தைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும், இறந்துபோன தங்கை அந்த இடத்துக்கு வந்திருப்பாள். இது நடந்தது என்று சொல்லவில்லை. நடந்திருக்க இடம் இருக்கிறது என்கிறேன்.

இதைச் சோதிக்க ஓவியத்தின் வயதைக் கண்டுபிடித்தால் போதுமே என்று தோன்றும். போதாது. நிற்பவர் கொள்ளுத்தாத்தா என்றால் அந்த முகம் 1906, 1907 வாக்கில் எடுத்தது. உட்கார்ந்திருப்பது அவர் என்றால் 1901, 1902. ஐந்து வருஷ இடைவெளியைப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வண்ணமோ துணியோ துல்லியமான காலம் காட்டாது. ஆனால் பெரிய பிழைகளைத் தடுக்கும். டைட்டானியம் வெள்ளை என்ற வண்ணம் ஓவியர்கள் கைக்கு வந்தது 1920 வாக்கில்தான். ஆய்வில் அது மேல்பூச்சில் இல்லாமல் அடிப்படை வண்ணத்திலேயே கிடைத்தால், முழுப் படமும் பிற்காலத்தில் பழைய ஃபோட்டோக்களை வைத்து வரைந்தது என்று தெரிந்துவிடும். துணியின் பின்பக்கம், அதை இழுத்து அடித்திருக்கும் மரச்சட்டத்தின் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு முத்திரையின் பாதி தெரிகிறது. கேன்வாஸ் விற்ற கம்பெனிகள் பெயரும் முகவரியும் வைத்து முத்திரை குத்துவது உண்டு. கம்பெனி இடம் மாறிய வருஷம் தெரிந்தால், துணியை எந்த வருஷத்துக்குப் பிறகு வாங்கினார்கள் என்று சொல்லலாம். பட்டையைக் கழற்ற வேண்டாம், பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

முகத்தை ஒப்பிட நல்ல இடம் காது. மூக்கும் கன்னமும் வயதோடு மாறும். காது மடலின் வளைவும், காதுத்தண்டு கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா பிரிந்து தொங்குகிறதா என்பதும் அவ்வளவாக மாறாது. நிற்பவரின் காதைத் தொப்பி பாதி மூடிவிட்டது. ஆனால் சின்னக் குழந்தைக்கு முடியை இறுக்கிப் பின்னியிருப்பதால் வலது காது முழுசாகத் தெரிகிறது. ஃபோட்டோவைப் பார்த்து வரைந்தவர் காதை ஓரளவு உள்ளபடியே வரைந்திருப்பார். கொள்ளுத்தாத்தாவின் பெரிய வயது ஃபோட்டோவில் அதே காது தெரிகிறதா என்று பாருங்கள். கடுக்கன் கனத்தில் தண்டு இறங்கியிருக்கலாம், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். தெளிவாக வேறுபட்டால் என் ஊகம் விழுந்துவிடும். ஒத்துப்போனால் கொஞ்சம் பலம் கூடும், அவ்வளவுதான். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிக் காது இருப்பது சகஜம், தங்கைக்கும் அதே காது இருந்திருக்கலாம்.

தலைமுடியை வைத்து ஆளை, சாதியை, ஊரை அடையாளம் சொல்வதில் இந்த எல்லைப் பகுதியில் எச்சரிக்கை தேவை என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். முன்குடுமி என்றால் மலையாளத்தார், பின்குடுமி என்றால் தமிழர் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தமிழ் பிராமணரில் ஒரு பிரிவான சோழியர்களுக்கும் முன்குடுமிதான், சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்ற பழமொழி இருக்கிறதே. உங்கள் படத்தில் தொப்பியும் சடையும் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குக் கீழே பதில் எழுதிய ஒருவர் நாற்காலியையும் திரையையும் பார்த்து இது மலையாளத் தறவாட்டுப் படம், அதாவது மலையாளக் கூட்டுக்குடும்ப வீட்டுப் படம் என்று சொல்லியிருப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மலையாள நகைகளான நாகபடத்தாலியோ பாலக்காமாலையோ கழுத்தில் இருந்திருந்தால் யோசிக்கலாம். நாற்காலியும் திரையும் சென்னையிலிருந்து திருவனந்தபுரம் வரை எல்லா ஸ்டுடியோவிலும் உண்டு.

கன்னத்துப் பொட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் படத்திலேயே அருமையான இடம். தயவுசெய்து அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். இது ஈ எச்சமா, பிற்காலத்தில் யாரோ வைத்த மையா, ஓவியரே வைத்த திருஷ்டிப் பொட்டா என்று ஒரு நல்ல லென்ஸ் இருந்தால் நீங்களே பார்க்கலாம். பழைய எண்ணெய் வண்ணம் காய்ந்து நுண்ணிய வெடிப்புகள் விட்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் அடிக்கும் வறண்ட காற்றும் அதற்குப் பின் வரும் மழைக்கால ஈரமும் மாறி மாறித் துணியை இழுத்துத் தளர்த்துவதால் இங்கே அந்த வெடிப்பு நன்றாகவே தெரியும். கன்னத்து வெடிப்பு ஒன்று பொட்டுக்குள்ளும் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தால், பொட்டு வெடிப்புக்கு முந்தையது, ஓவியர் வைத்தது என்று கொள்ளலாம். கறுப்பு அந்த வெடிப்புக்குள் இறங்கித் தேங்கியிருந்தால் பின்னால் வந்தது. ஈ எச்சம் என்றால் மேலே தனியாக மேடு தட்டியிருக்கும். இதே மாதிரி ஒரு பொட்டைக் கொல்லங்கோடு பக்கத்து வீட்டுப் படத்தில் பார்த்தேன். வெடிப்பு நடுவாகப் போயிருந்தது, பொட்டின் விளிம்பு கன்னத்து நிறத்தோடு ஈரத்திலேயே கலந்திருந்தது. படத்தில் இருக்கும் குழந்தைக்கும் கண்பட்டுவிடக் கூடாது என்று அந்த வீட்டார் ஓவியரிடம் சொல்லி வைக்கச்சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஃபோட்டோவில் இருந்ததை அவர் விடாமல் வரைந்திருக்க வேண்டும். உங்கள் படத்திலும் ஓவியர் வைத்த பொட்டுதான் என்று தெரிந்தால், அது குழந்தை உயிரோடிருந்தபோது எடுத்த ஃபோட்டோ என்பதற்கு அந்த வாடிய பூவைவிடப் பலமான சான்று. இறந்த குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க மாட்டார்கள். ஓவியம் எப்போது வரைந்தது என்பதை மட்டும் அது சொல்லாது.

ரவி வர்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1848-இல் கிளிமானூரில் பிறந்து 1906-இல் இறந்தவர். 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வேலை செய்வதைப் பார்த்துத்தான் எண்ணெய் வண்ணத்தின் பல நுணுக்கங்களைப் பிடித்துக்கொண்டார் என்பார்கள். 1893-இல் தன் மகளையும் பேரனையும் வைத்து அவர் வரைந்த, அப்பா வருவதைத் தாய் குழந்தைக்குக் காட்டும் படத்தைப் பார்த்தால் வெளிச்சத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்று தெரியும். தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே வெளிச்சம். இரண்டு முகத்துக்கு இரண்டு திசை நிழல் விழும் படத்தை அவருடையது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1894-இல் அவருடைய அச்சகம் பம்பாயில் தொடங்கிய பிறகு அந்தப் பாணி வீடுவீடாகப் போனது. அதைப் பார்த்து வரைந்த ஓவியர்கள் பலர், பெரும்பாலோர் கையெழுத்துப் போடாதவர்கள். உங்கள் படம் அவர்களில் ஒருவர் கையிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. துணிமடிப்பில் தயங்கியிருந்தாலும் சின்னக் குழந்தையின் விரல்களை அவர் எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். ரவி வர்மா பெயரைச் சொல்லி யாராவது விலை பேச வந்தால் எழுத்தில் ஆதாரம் கேளுங்கள். நிஜமாகவே அவருடையது என்றால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்காது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்தப் படத்தை வீட்டில் எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இதை யாரும் கவனிப்பதில்லை. சட்டத்தின் மேல் இரு மூலைகளிலும் மாலை மாட்டிய சின்ன ஆணித்துளை இருக்கிறதா? கீழ்ச்சட்டத்தின் நடுவில் மட்டும் விளக்குப் புகை படிந்திருக்கிறதா? கண்ணாடி போட்டிருந்தால், எந்தக் குழந்தையின் நெற்றிக்கு நேராகச் சந்தனம், குங்குமம் வைத்த கறை இருக்கிறது? சின்னதின் நெற்றிக்கு நேராக மட்டும் வருஷக்கணக்கான சந்தனக் கறை இருந்தால், வரைந்தது எப்போதானாலும், அந்தக் குழந்தையை இறந்த குழந்தையாக வீட்டார் கும்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அப்போது என் ஊகத்தை நான் விட்டுவிடுவேன். பெரியவனின் நெற்றிக்கு நேராக இருந்தால் ரங்கூனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே சட்டத்தையும் கண்ணாடியையும் மாற்றவோ துடைக்கவோ கூடாது. பலர் செய்யும் முதல் வேலையே அதுதான்.

ஏடுகளையும் தேடுங்கள். ஜாதகக் கட்டில் அந்தப் பெண் குழந்தைக்கு ஒரு ஜாதகம் இருக்கலாம். பிறந்த வருஷம் கிடைத்தால் அண்ணனுக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் தெரியும். ஐந்து வயதுக்கு மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தால் படத்தில் இருக்கும் ஜோடிக்குப் பொருந்தாது, இரண்டு ஃபோட்டோவும் வெவ்வேறு வருஷத்தவை என்றால் மட்டும் பொருந்தலாம். தத்தமங்கலமும் சித்தூரும் அப்போது கொச்சி சமஸ்தானம், பாலக்காடு நகரம் பிரிட்டிஷ் மலபார். அதனால் உங்கள் வீட்டுப் பழைய நிலப் பதிவு, பாகப்பிரிவு விவரங்களைத் தேட எர்ணாகுளம் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். கோழிக்கோட்டில் தேடி அலையாதீர்கள். பெரியத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கொள்ளுத்தாத்தாவுக்கு எந்தக் கோவிலில், எத்தனை வயதில் முடியிறக்கினார்கள்? படத்தைக் காட்டாமல் கேட்பது நல்லது.

அதுவரைக்கும் படத்தைச் சமையலறைப் பக்கச் சுவரிலும் மழை ஈரம் ஊறும் வெளிச்சுவரிலும் மாட்ட வேண்டாம். எண்ணெய், உருளைக்கிழங்கு, சோப்புத் தண்ணீர் என்று யார் எந்த வைத்தியம் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டு கட்டையின் மேல் தரையிலிருந்து தூக்கி, சுவரை ஒட்டாமல், முகம் உள்பக்கமாக இருக்கும்படி சாய்த்துவைத்து, மேலே ஒரு பழைய பருத்தி வேட்டியைப் போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பின்பக்க முத்திரை, கன்னத்துப் பொட்டு, சட்டத்தின் நான்கு மூலைகள், திரையின் மறைந்த ஓரம், வலது காது ஆகிய இவற்றைப் பகல் வெளிச்சத்தில் நெருக்கமாக எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.